கட்டுச்சோறு கொண்டுபோன தாய்வீடு

அன்று விடியலில் ராஜேஸ்வரி சாமிப் படத்துக்கு முன்னால் கற்பூரம் கொளுத்தி ஒரே ஒரு வரம்தான் கேட்டாள். “பிள்ளையாரப்பா, இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும் என் வாயைக் கட்டிப் போடு.”

பிள்ளையாருக்கு அது லேசுப்பட்ட வேலை இல்லை. கண்டி மார்க்கெட்டுக்குப் பின்னாலிருந்த தையல் கடையில், ராஜேஸ்வரியின் கத்தரிக்கோலைவிட அவள் நாக்குத்தான் கூர்மை என்று பெயர். துணி பற்றாது என்று சொன்ன பிறகும் “கையை முழங்கை வரைக்கும் வைங்க” என்று அடம்பிடிக்கிறவர்களை, அவர்களுடைய இடுப்பளவை நாலு பேர் காதில் விழும்படி வாசித்தே அனுப்பிவைப்பாள். அவள் கணவர் வீரசிங்கம் மாநகரசபையில் கிளார்க். வீட்டில் பேச வேண்டியதையெல்லாம் மனைவியே பேசிவிடுவதால், அந்த மனிதருக்குக் கல்யாணமான நாளிலிருந்தே ஓய்வு. அன்றைக்கு அவருக்கு லீவு கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் பேசியிருக்க மாட்டார்.

ஆனால் இன்றைக்கு அந்த நாக்கு நீண்டால் காரியம் கெட்டுவிடும். காரியம் என்றால் சந்திரிகாவின் காரியம்.

சந்திரிகா அந்தத் தையல் கடைக்கு வேலைக்கு வந்தபோது ஒரு துணிப்பைதான் அவள் சொத்து. தாய் தகப்பன் இல்லை. வளர்த்த சித்தி குடும்பம் இந்தியாவுக்குக் கப்பல் ஏறிப் போயிருந்தது. “தங்க எடம் கெடைக்கிற வரைக்கும் நம்ம வீட்டுல இரு” என்று ராஜேஸ்வரி அவளைக் கட்டுகலையிலிருந்த தன் இரண்டு அறை வீட்டுக்குக் கூட்டிப் போனாள். இடம் கிடைக்கவே இல்லை. யாரும் தேடவும் இல்லை. கல்யாணமாகிப் போகும்வரை சந்திரிகா அங்கேதான் இருந்தாள்.

அத்தனை வருஷத்தில் ஒரு நாளாவது அவள் ஒரு குறை சொல்லியிருப்பாளா? சோறு குழைந்தாலும் “நல்லாருக்குக்கா.” குழம்பில் உப்பு மறந்தாலும் “நல்லாருக்குக்கா.” ஒரு தடவை ராஜேஸ்வரி வேண்டுமென்றே கருகின ரொட்டியைத் தட்டில் வைத்துப் பார்த்தாள். அதையும் பொறுமையாக மென்று விழுங்கிவிட்டு “நல்லாருக்குக்கா” என்றாள் பெண். அன்று ராஜேஸ்வரிக்கு ஏனோ அழுகை வந்தது. காரணம் அவளுக்கே தெரியவில்லை. அடுப்புப் புகை என்று சொல்லிவிட்டாள்.

பிறகு ராஜேஸ்வரிக்கு நெருப்புக் காய்ச்சல் வந்து பெரியாஸ்பத்திரியில் கிடந்தாள். கூடப் பிறந்த அண்ணன் மாத்தளையிலிருந்து வந்து, தோடம்பழப் பையைக் கட்டிலில் வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டார். பக்கத்திலிருந்து மலசலம் எடுத்தது சந்திரிகா. மடவளையிலிருந்து பஸ் ஏறிக் கஞ்சி கொண்டுவந்தது கடைத் தோழி பாயிஸா. “நீங்க ரெண்டு பேரும் இவங்களுக்கு யாரு?” என்று ஆயா கேட்க, சந்திரிகா “தங்கச்சி” என்றதும், பாயிஸா “நான் மத்தத் தங்கச்சி” என்றதும், காய்ச்சல் மயக்கத்திலும் ராஜேஸ்வரியின் காதில் விழுந்தது. தான் பிழைத்தது இந்த இரண்டு பேரால்தான் என்று அவள் ஊரெல்லாம் சொல்வாள். அந்த இரண்டு பேரிடம் மட்டும் சொன்னதில்லை.

பாயிஸாவுக்கு அதே கடையில் காஜா எடுப்பதும் பூவேலை செய்வதும்தான் வேலை. அவள் கணவர் லாபிர் வாடகை வேன் ஓட்டுபவர். எண்பத்து மூன்று கலவரத்தில் கண்டியில் தமிழர் கடைகள் எரிந்தபோது, வீரசிங்கத்தையும் ராஜேஸ்வரியையும் சாக்குகளுக்கு நடுவே படுக்கவைத்து மடவளைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது அந்த வேன்தான். லாபிர் இந்தக் கதையை எப்போதும், “அண்டக்கி ரெண்டு சாக்குத் தக்காளி நசுங்கிப் போச்சு” என்றுதான் முடிப்பார்.

சந்திரிகா கட்டிக்கொண்ட கறுப்பையா நாவலப்பிட்டியில் ஓர் இரும்புக்கடையில் வேலை செய்கிற தங்கமான பையன். அவனுடைய தாய் மூக்காயி, நாவலப்பிட்டிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயம் எனப்படும் வரிசை வீடுகளில் ஓர் ஒற்றை அறைக் காம்பராவில் இருந்தாள். சந்திரிகா அங்கேதான் வாழப் போனாள். போன வருஷம் உண்டான முதல் பிள்ளை ஆறாம் மாசத்திலேயே நழுவிவிட்டது. அடைமழை. தோட்டத்து லொறி வரவில்லை. பெண்கள் அவளைக் கம்பளியில் கிடத்தி ரோட்டு வளைவு வரைக்கும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வளைவுக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

இப்போது மறுபடியும் ஏழாம் மாசம். “இந்தப் புள்ள கண்டியிலதான் பொறக்கும். என் வீட்டுலயிருந்து நடந்தே ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்” என்று ராஜேஸ்வரி தீர்மானித்துவிட்டாள். கறுப்பையாவுக்குச் சம்மதம். அவன் தாய்க்குத்தான் சம்மதமில்லை. தாய் சொன்னதை அவன் கடைக்கே வந்து, தரையைப் பார்த்தபடி, அட்சரம் பிசகாமல் ஒப்பித்தான்.

“தலைப்பிரசவம் தாய்வீட்டுலதான் நடக்கணும், நான் இல்லேங்கல. தாய்வீடுன்னு ஒண்ணு வந்து, கட்டுச்சோறு போட்டு, மொறையாக் கேட்டா அனுப்புறேன். கூட்டாளிங்க வந்து கூட்டிக்கிட்டுப் போறதுக்கு எம் மருமக என்ன படம் பாக்கவா போறா? அப்டீன்னு கேக்குறாங்கக்கா.”

ராஜேஸ்வரி கையிலிருந்த கத்தரிக்கோலை மேசையில் வைத்தாள். “ஒங்க அம்மாகிட்டப் போய்ச் சொல்லு. வர்ற புதன்கிழமை தாய்வீடு வருதுன்னு சொல்லு.”

அவன் போன பிறகு பாயிஸா மெதுவாகக் கேட்டாள். “எந்தத் தாய்வீடு ராஜி?”

“நாமதான். வேற யாரு?”

சொன்னால் சொன்னதுதான். செவ்வாய்க்கிழமை சந்தையில் வெண்கல நிறத்தில் நல்ல சேலை ஒன்றும் கண்ணாடி வளையலும் வாங்கினார்கள். சேலைக்கு ஜாக்கெட்டை ராஜேஸ்வரியே வெட்டினாள். சந்திரிகாவை ஒரு தடவைகூட அளக்கவில்லை. அவள் உடம்பின் அளவு ராஜேஸ்வரியின் கைக்குத் தெரியும். ஒன்பதாம் மாசத்துக்கும் பிரித்து விட்டுக்கொள்ளலாம் என்று உள்ளே மடிப்பு வைத்தாள். கழுத்தோரம் பாயிஸா மல்லிகைக் கொடி போட்டாள். புதன்கிழமை விடியலில் பாயிஸா வந்து சேர்ந்ததும் புதுச் சட்டிகளில் சமையல் தொடங்கியது. புளிச்சோறு, எலுமிச்சஞ்சோறு, தேங்காய்ச்சோறு, எள்ளுச்சோறு, தயிர்ச்சோறு, கறிவேப்பிலைச்சோறு, சர்க்கரைப் பொங்கல் என்று கட்டுச்சோற்றுக்கு வேண்டிய ஏழும் ஆயிற்று. தேங்காய்ச்சோறு பாயிஸாவின் கைவரிசை. அதில் ஒரு பிடியை அடுப்படியில் நின்றே தின்ற ராஜேஸ்வரி, மற்ற ஆறும் வீண் என்று நினைத்துக்கொண்டாள். சொல்லவில்லை.

லாபிர் வேனைக் கொண்டுவந்து நிறுத்தி, “நான் ஓட்டுற மட்டுந்தான். உள்ளுக்கு வரமாட்டேன். அங்க எனக்கு என்ன வேல?” என்றார்.

“தாய்மாமன் மொறைக்கு ஆள் வேணாமா? சந்திரிகாவுக்கு அண்ணன் நீங்கதான் நானா. பேசாம வண்டிய எடுங்க” என்றாள் ராஜேஸ்வரி. மடவளையில் அண்ணனை நானா என்பார்கள்.

அப்போதுதான் ஒரு சங்கடம் தெரிந்தது. போகிறவர்கள் மூன்று பேர். நல்ல காரியத்துக்கு மூன்று பேராகப் போகக் கூடாது. ராஜேஸ்வரி வாசலில் கிடந்த ஒரு கூழாங்கல்லை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். கல்லோடு நாலு.

கெலிஓயா தாண்டும்போது பாயிஸா சொன்னாள். “ராஜி, ஒங்கட கையப் புடிச்சிக் கேக்குறேன். அவங்க என்ன சென்னாலும் சிரிங்க. நாங்க சண்டைக்குப் போகல்ல. புள்ளயக் கூட்டிட்டு வரப் போற.”

“அதான் பிள்ளையார்கிட்டச் சொல்லிட்டேனே.”

“பிள்ளையார் இல்ல, நீங்க சென்னாத்தான் எனக்கு நம்பிக்க.”

“சத்தியமா வாயத் தொறக்க மாட்டேன்.” பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். ராஜேஸ்வரிக்குப் பூமி வேண்டாம், ஒரு பிள்ளைத்தாய்ச்சி போதும். கம்பளையும் நாவலப்பிட்டியும் போய், வேன் முக்கி முனகி மலையேறும்போது, அவள் அந்தச் சத்தியத்தைத் திரும்பத் திரும்ப மனசுக்குள் சொல்லிக்கொண்டே வந்தாள்.

வேன் ரோட்டு வளைவோடு நின்றது. போன வருஷம் கம்பளி வந்து நின்ற அதே வளைவு. தட்டுகளையும் சோற்றுச் சட்டிகளையும் சுமந்துகொண்டு, லயத்து முனையில் தண்ணீர் கொட்டும் பீலிக்குப் பக்கத்தில் வந்து நின்றார்கள்.

இந்த இடத்தில் ஒரு முறை உண்டு. சீர் கொண்டு வருகிறவர்கள் அங்கேயே நிற்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் செம்புத் தண்ணீரோடும் ஆரத்தித் தட்டோடும் வந்து, ஒவ்வொருவரையும் உறவுமுறை சொல்லி “வாங்க” என்று அழைக்க வேண்டும். அழைக்கச் சற்றுச் சுணங்கினாலும், தாய்வீட்டுக்காரர்கள் தட்டைத் தரையில் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அப்புறம் பெரியவர்கள் வந்து கெஞ்சிக் கூத்தாடி அழைத்துப் போவார்கள். எல்லாம் ராஜேஸ்வரிக்குத் தெரியும். அவளுடைய கல்யாணத்தில், காப்பி ஆறிப்போனதற்காக அவள் பெரியப்பா பந்தலைவிட்டே வெளியே போனவர்.

நின்றார்கள். ஒரு கோழி வந்து பார்த்துவிட்டுப் போனது. மனிதர் யாரும் வரவில்லை. “வேல மும்முரமா இருப்பாங்க. நாமளே போவோம்” என்று ராஜேஸ்வரி சிரித்த முகத்தோடு நடந்தாள். கறுப்பையா கண்டு ஓடிவந்து தட்டுகளை வாங்கிக்கொண்டான். மாப்பிள்ளை கையில் சீர்த்தட்டைக் கொடுக்கிறோமே என்று அவளுக்கு உறைத்தது. பரவாயில்லை என்று கொடுத்தாள்.

காம்பரா வாசலில் மூக்காயி நின்றிருந்தாள். மெலிந்து நெடுத்த பெண். கொழுந்துக் கூடை இழுத்து இழுத்து நெற்றியின் மேலே முடி தேய்ந்திருந்தது. வந்தவர்களை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தாள். தலையை மட்டும் அசைத்துவிட்டு உள்ளே போனாள். பக்கத்தில் நின்ற அவளுடைய நாத்தனார் ராக்கம்மாதான், “ஒக்காருங்க” என்று ஒரு பாயைக் காட்டினாள். அந்தப் பாயில் பாதியை எலி தின்றிருந்தது.

“எவ்வளவு குளுகுளுன்னு இருக்கு ஒங்க எடம்!” என்று ராஜேஸ்வரி மீதிப் பாயில் உட்கார்ந்தாள்.

லாபிர் வெளியே, இஸ்தோப்பு என்று அவர்கள் சொல்லும் முன் தாழ்வாரத்திலேயே ஒரு பலகையில் உட்கார்ந்துகொண்டார். உள்ளே தேத்தண்ணி வந்தது. சீனி இல்லை. “அருமையான தேத்தண்ணி” என்றாள் பாயிஸா. ராக்கம்மா சேலையை விரித்துப் பார்த்து, “சாயம் நிக்குமோ என்னவோ” என்றாள். “வேணும்னா மாத்திக்கிட்டு வர்றோம்” என்றாள் ராஜேஸ்வரி. ஜாக்கெட்டைத் தூக்கிப் பிடித்து, “இந்தக் கைக்குள்ள எங்க வீட்டுப் புள்ள கை எப்புடி நொழையும்?” என்றாள் ராக்கம்மா. கத்தரிக்கோல்காரி ஜாக்கெட்டை வாங்கி மடித்தாள். “பிரிச்சுத் தைச்சுடலாங்க” என்று சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கன்னம் வலித்தது.

விநோதம் என்னவென்றால், இவர்கள் எவ்வளவுக்கெவ்வளவு சிரித்தார்களோ அவ்வளவுக்கவ்வளவு மூக்காயியின் முகம் இறுகிக்கொண்டே போனது. இன்னும் பணிவு போதாதாக்கும் என்று ராஜேஸ்வரி இன்னும் குழைந்தாள்.

சந்திரிகாவுக்குப் புதுச் சேலையும் ஜாக்கெட்டும் உடுத்தி, மனையில் உட்காரவைத்து வளையல் அடுக்கினார்கள். வயிறு நன்றாக முன்தள்ளி, முகம் வெளுத்திருந்தாள். ராஜேஸ்வரி ஊட்டிய ஏழு சோற்றிலும் ஒவ்வொரு வாய் வாங்கினாள். “எப்புடி இருக்கு?” என்று கேட்டதற்கு, “நல்லாருக்குக்கா” என்றாள். எள்ளுச்சோற்றில் உப்பே இல்லை என்பது ராஜேஸ்வரிக்குப் பிறகுதான் தெரிந்தது.

பெண்கள் சாப்பிட்டு எல்லாம் முடிந்ததும் ராஜேஸ்வரி கைகளைக் கட்டிக்கொண்டு எழுந்து நின்றாள். “அம்மா, ஒங்களுக்குத் தோதுப்பட்டா, சந்திரிகாவ எங்ககூட அனுப்பி வைக்கணும். ஒங்க இஷ்டந்தான். நீங்க எப்புடிச் சொன்னாலும் சரி.”

மூக்காயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “நல்ல மனுசங்களாத்தான் இருக்கீங்க. விருந்தாளியா வந்தீங்க, சாப்புட்டீங்க, சந்தோசம். அவ இங்கயே இருக்கட்டும்.”

அவ்வளவுதான். ராஜேஸ்வரி தலை குனிந்தாள். சந்திரிகாவின் கையில் வளையல்கள் லேசாகக் குலுங்கின. இன்னொரு தடவை கெஞ்சிக் கேட்போம், காலில் விழுந்தாலும் விழுவோம் என்று ராஜேஸ்வரி எண்ணிக்கொண்டிருக்கும்போதுதான், ராக்கம்மா வெற்றிலையை மடித்தபடி சொன்னாள்.

“எங்க இருந்தா என்ன? போன புள்ளயவே வயித்துல தங்க வச்சுக்கத் தெரியாதவ.”

“என்ன சொன்னீங்க?”

குரல் தன்னுடையதுதானா என்று ராஜேஸ்வரிக்கே சந்தேகம் வந்தது. பாயிஸா அவள் சேலையைப் பிடித்து இழுத்தாள். பிள்ளையாரே பிடித்து இழுத்திருந்தாலும் நடந்திருக்காது.

“இன்னொரு தடவ சொல்லுங்க பாப்போம். யாரு தெரியாதவ? எங்க புள்ளயா? கொட்டுற மழையில கம்பளியில கெடந்து துடிச்சாளே, அவளா? இத எத்தன தடவ சொல்லியிருப்பீங்க, அவ எத்தன தடவ கேட்டுட்டு வாய மூடிக்கிட்டு இருந்திருப்பா! கேக்க ஆளில்லன்னுதானே? இருக்கோம்! நாங்க இருக்கோம்!” சுழன்று மூக்காயி பக்கம் திரும்பினாள். “ஒங்களத்தான் சம்பந்தியம்மா! அவங்க சொல்றாங்க, நீங்க பாத்துக்கிட்டு நிக்கிறீங்க. ‘சும்மா இரு’ன்னு ஒரு வார்த்த சொன்னா ஒங்க வாயில இருக்கிற முத்து உதிந்துருமா?”

ஒரு முறை திறந்த பிறகு அந்த வாயை அடைக்க யாரால் முடியும்? காலையிலிருந்து விழுங்கியதெல்லாம் வரிசை பிசகாமல் வெளியே வந்தது.

“லயத்து முனையில வந்து நின்னோமே, ஒரு செம்புத் தண்ணி வந்துச்சா? வாங்கன்னு ஒரு வார்த்த வந்துச்சா? கோழிதான் வந்து விசாரிச்சுட்டுப் போச்சு! எலி தின்ன பாயி! சீனி இல்லாத தேத்தண்ணி! எங்க அண்ணன் இஸ்தோப்புல ஒக்காந்திருக்காரு, இந்நேரம் வரைக்கும் அவரச் சாப்புடக் கூப்புட இந்த வீட்டுல ஒரு ஆம்பள இல்ல! ஜாக்கெட் கையில குத்தம் சொல்றீங்களே, அந்தக் கைய அளக்காம வெட்டினவ நான். அவ எலும்பு எனக்குத் தெரியும், நரம்பு எனக்குத் தெரியும். நான் சாகக் கெடந்தப்ப என் பீ மூத்திரம் அள்ளினவ அவ! எனக்குக் கூடப் பொறந்தது கூட அள்ளல. அவளப் போயி… பாயிஸா, நீ ஏன் சும்மா நிக்கிற?”

சமாதானத்துக்கென்றே பிறந்த பாயிஸா முகமெல்லாம் சிவந்து நின்றாள். “கூப்புடாட்டியும் பரவாயில்ல, சீனி போடாட்டியும் பரவாயில்ல. எங்கட புள்ளய அழ வெக்கிறத நாங்க பாத்துட்டு ஈக்க மாட்டோம்!” என்று அவளும் கத்தினாள். உள்ளுக்கு வரமாட்டேன் என்று சொன்ன லாபிர், செருப்பைக் கழற்றவும் மறந்து வாசற்படியில் ஏறி நின்று கேட்டார். “யாரு? யாரு எங்கட தங்கச்சிய என்ன சென்ன?”

ராக்கம்மாவின் மடித்த வெற்றிலை மடித்தபடியே இருந்தது. சந்திரிகா வாயைப் பொத்திக்கொண்டு, மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அப்போதுதான் ராஜேஸ்வரிக்கு உணர்வு வந்தது. போச்சு. ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. இனி இந்த வாசலை மிதிக்கவும் விட மாட்டார்கள்.

மூக்காயி சொன்னாள். “வெளிய போங்க. சீர்த்தட்டையும் எடுத்துக்கிட்டு, லயத்து முனைக்கே போங்க.”

போனார்கள். பீலியடியில் தட்டுகளை வைத்துவிட்டு நின்றபோது, ராஜேஸ்வரியின் கண்ணிலிருந்து தண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. ஆனால் வேன் நிற்கிற திசையில் அவள் ஓர் அடி எடுத்து வைக்கவில்லை.

“அவ இல்லாம நான் ஏறமாட்டேன் பாயிஸா. இங்கயே ஒக்காருவேன். நாளைக்கும் ஒக்காருவேன். எத்தன நாள் ஆனாலும் சரி.”

“நான் மட்டும் எங்க போற? நானும் ஈக்கிறேன்” என்றாள் பாயிஸா.

“அப்ப எனக்கும் ஒரு எடம் உடுங்க” என்று லாபிரும் ஒரு கல்லில் உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரத்தில் மூக்காயி வந்தாள். கல்யாணச் சேலை போலிருக்கிறது, மடிப்புக் கலையாத ஒரு பட்டுச் சேலையை உடுத்தியிருந்தாள். ஒரு கையில் செம்பு, மறு கையில் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த ஆரத்தித் தட்டு. பின்னால் லயத்துப் பெண்கள் எல்லாரும் வந்தார்கள். கறுப்பையா வெற்றுக் கையோடு, மாப்பிள்ளையாக, ஓரமாக நின்றான்.

மூக்காயி ராஜேஸ்வரியின் முன்னால் வந்து குனிந்தாள்.

“வாங்க சம்பந்தி.”

பாயிஸாவைப் பார்த்து, “வாங்க மதினி” என்றாள். லாபிர் எழுந்திருக்கலாமா கூடாதா என்று தடுமாறிக்கொண்டிருந்தார். “வாங்கண்ணே. ஒங்களச் சாப்புடக் கூப்புடாதது எங்க தப்புத்தான். மனசுல வச்சுக்காதீங்க.”

ராஜேஸ்வரிக்குப் பேச்சு வரவில்லை. அவள் பிறந்ததிலிருந்து அது முதல் தடவை. மூக்காயிதான் அவள் காலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே பேசினாள்.

“காலையிலருந்து பாத்துக்கிட்டேதான் இருந்தேன் சம்பந்தி. மொதல்ல ஒரு வீம்புக்குத்தான் வாங்கன்னு சொல்லல. கோவிச்சுக்குவீங்கன்னு பாத்தேன். கோவிச்சுக்கல. பாயப் பாத்தும் கோவிச்சுக்கல. எல்லாத்துக்கும் நல்லாருக்கு, நல்லாருக்குன்னா எப்புடி? விருந்தாளிக்குத்தான் எல்லாம் நல்லாருக்கும். நாளைக்கி ஆஸ்பத்திரியில டாக்டரு ஒண்ணு சொல்வாரு, நர்சு ஒண்ணு சொல்வாங்க. எல்லாத்துக்கும் சரிங்க சரிங்கன்னு தலையாட்டிக்கிட்டு நின்னா, எம் மருமக கதி என்ன ஆவறது? அதான் அனுப்ப மனசு வரல.” செம்பைக் கீழே வைத்தாள். “போன தடவ நானும் அப்புடித்தான் நின்னேன். லொறி இல்லன்னாங்க. சரிங்கன்னேன். ஒங்கள மாதிரி நாலு வார்த்த கேட்டிருந்தா எம் பேரப்புள்ள இன்னைக்கு எங்க இஸ்தோப்புல தவழும்.”

ராஜேஸ்வரி அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டாள். கொழுந்து பறித்துக் கறுத்த விரல்கள். “நான் கேப்பேன் சம்பந்தி” என்றாள். “ஆஸ்பத்திரியே அதிரும்படி கேப்பேன்.”

“அது தெரிஞ்சு போச்சே” என்றாள் மூக்காயி. முதல் தடவையாகச் சிரித்தாள்.

திரும்ப ஒருமுறை, முறைப்படி, தாய்வீடு உள்ளே போனது. சீர்த்தட்டை இந்தத் தடவை லாபிர்தான் தூக்கினார். புதுப் பாய் எங்கிருந்தோ வந்தது. ராக்கம்மா தேத்தண்ணியில் சீனியைக் கொட்டிக் கொண்டுவந்து, “வாங்க” என்று முணுமுணுத்தாள். “திகட்டுது” என்று ராஜேஸ்வரி முகத்தைச் சுளித்தாள். லயமே திருப்தியாகத் தலையாட்டியது. லாபிருக்கு இலை போட்டு, கறுப்பையாவே பரிமாறினான். தேங்காய்ச்சோற்றைத் தின்ற மூக்காயி, “இது யாரு ஆக்கினது?” என்று கேட்டு, மதினியிடம் பக்குவம் விசாரித்தாள்.

சாயங்காலம் கிளம்பும்போது மூக்காயி வேன் வரைக்கும் வந்தாள். மருமகளின் நெற்றியில் திருநீறு பூசிவிட்டு, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, “பேரு மட்டும் நாங்கதான் வைப்போம்” என்றாள்.

“அத அப்பப் பாத்துக்கலாம்” என்றாள் ராஜேஸ்வரி.

வேன் வளைவைத் தாண்டியதும் அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். வண்டியில் இப்போது நாலு பேர். கூழாங்கல்லை ஜன்னல் வழியாகத் தேயிலைச் செடிகளுக்குள் வீசினாள்.

நாவலப்பிட்டி வரைக்கும் சந்திரிகா இரண்டு பேருக்கும் நடுவில், இருவருடைய கையையும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். கடைத்தெரு தாண்டியதும் மெல்லச் சொன்னாள். “எனக்காக ஒருத்தரும் இதுக்கு முன்னாடி சண்ட போட்டதில்லக்கா.”

ராஜேஸ்வரிக்கு இத்தனை நாள் சொல்லாததை இப்போது சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. “சந்திரிகா, பாயிஸா, கேளுங்கடி. அன்னைக்கு அந்த வார்டுல நீங்க ரெண்டு பேரும் இல்லன்னா நான் இல்ல. அதுக்கு நான் ஒங்களுக்கு ஒண்ணுமே…”

“அதெல்லாம் இப்ப என்னத்துக்கு?” என்று பாயிஸா மறுபக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“அக்கா,” என்றாள் சந்திரிகா.

“என்னடி?”

“ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?”

“சொல்லு.”

“இந்த ஜாக்கெட்டு கை நெசமாவே இறுக்கம். எள்ளுச்சோத்துல உப்பே இல்ல. வேன்ல பெட்ரோல் நாத்தம் வயித்தக் கொமட்டுது.”

ராஜேஸ்வரி அவளை உற்றுப் பார்த்தாள். பிறகு அந்தத் தலையை இழுத்துத் தன் மார்போடு வைத்து அழுத்திக்கொண்டாள்.

“வாயப் பாரு வாய!” என்றாள். “வீட்டுக்கு வா, பிரிச்சுத் தைச்சுத் தர்றேன். லாபிர் நானா, கொஞ்சம் மெதுவாப் போங்க, புள்ளைக்குக் கொமட்டுதாம்.”